டுபாயிலிருந்து வராத சங்குண்ணி மாமா

அந்தச் சங்குண்ணி மாமா படத்தின் மூன்றாம் பாகம் வருகிறதாம். திரையின் அடியில் தமிழில் எழுத்தும் ஓடுமாம். அண்ணனின் மகன் கைத்தொலைபேசியில் விளம்பரத்தைக் காட்டி, "சித்தப்பா, இதோட உங்கட தொழில் முடிஞ்சிது" என்றான். என் தொழில் முடிந்து பல வருடங்கள். அதை முடித்ததும் இதே எழுத்துதான். எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. எழுத்துக்குத் தொண்டை கட்டுவதில்லை. அது தேநீர் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் செத்துப்போன ஒருவரை அது டுபாய்க்கு அனுப்பி வைப்பதில்லை.

கடைசியாகச் சொன்னதற்கு விளக்கம் வேண்டும். விளக்கம் சொல்வதுதான் என் தொழிலாக இருந்தது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் படக்கொட்டகை இருந்தது. புதிய தமிழ்ப் படம் எங்களிடம் வந்து சேரும்போது ஊர் அதை வீட்டில் இருந்தபடியே பார்த்து முடித்திருக்கும். ஆகவே எங்கள் மனேஜர் யாரிடமும் இல்லாத மலையாளச் சிரிப்புப் படங்களைத் தேடிப் பிடித்தார். அவற்றைச் சனத்துக்குப் புரியவைக்க மைக்கோடு ஒருவர் தேவைப்பட்டார். பேசுவதைப் 'பறைவது' என்பதில் எங்கள் ஊரும் மலையாளமும் ஒன்று என்பதால், மலையாளம் தங்களுக்கே விளங்கும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். பழுகாமத்திலிருந்து படகேறிப் படம் பார்க்க வந்த ஒரு விவசாயி முதல் நாள் என்னிடம் சொன்னார்: "நாங்களும் பறையிறம், அவனும் பறையிறான். பறையிறான் எண்டது நல்லா விளங்குது தம்பி. என்ன பறையிறான் எண்டதுதான் விளங்கல்ல."

எனக்கு மலையாளம் வந்தது வளைகுடா நாடொன்றில், ஒரு தொழிலாளர் விடுதியின் சமையலறையில். சில வருடங்கள் மலையாளிகளோடு வெங்காயம் உரித்தேன். அதனால் சாப்பாடு, சண்டை, மேஸ்திரியைத் திட்டுவது ஆகிய துறைகளில் என் மலையாளம் பலமானது. காதலில் பலவீனம். நீதிமன்றக் காட்சிகளில் மிகப் பலவீனம். கதாநாயகன் கதாநாயகியிடம் நெடுநேரம் பேசினால், "அவருக்கு அவவில் நல்ல விருப்பம்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவேன். யாரும் குறை சொன்னதில்லை.

வேலைக்கு ஒழுங்குகள் இருந்தன. எந்தப் படத்தையும் முதலில் நான் தனியே ஒருமுறை பார்க்க வேண்டும். காட்சி நேரத்தில் என் இடம் திரைக்கு இடப்பக்கச் சுவரோரம்: ஒரு சிறு மேசை, மைக், மூடிபோட்ட குவளையில் தண்ணீர். நடிகர் வாயை மூடும்வரை நான் வாயைத் திறக்கக்கூடாது. பெண் குரலில் பேசிக் காட்டக்கூடாது. பாட்டுக்கு விளக்கம் கிடையாது. அது நான் தேநீர் குடிக்கும் நேரம். எல்லாவற்றிலும் பெரிய விதி, சனம் சிரித்து முடிக்கும்வரை அடுத்த வசனத்துக்குப் போகக்கூடாது. சிரிப்பின்மேல் பேசினால் இரண்டும் வீண்.

இந்த விதிகளை எல்லாம் வகுத்தவர் மனேஜர் சவரிமுத்து ஐயா. தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சட்டை, கையில் நீளமான டோர்ச் லைற், யாரையும் அதட்டாத குரல். இத்தனை வருடம் கொட்டகை நடத்தியவர் ஒரு படமேனும் பார்த்ததில்லை. பின்கதவருகே நின்று, இருப்பவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "படம் ஓடுறது அங்க இல்ல தம்பி, இஞ்ச" என்று நாற்காலிகளைக் காட்டுவார். "சிரிக்கிறவன்ட தோள் ஆடும். தோள் ஆடல்ல எண்டா உன்ட விளக்கம் பிழை."

அங்கிருந்து அவர் டோர்ச்சால் எனக்குக் கட்டளை அனுப்புவார். வெளிச்சம் என் மேசையில் மேலும் கீழும் ஆடினால் குரலைக் கூட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் சுருக்க வேண்டும். வட்டம் போட்டால் சனம் சிரிக்கிறது, அப்படியே போகலாம் என்று பொருள். முகத்தில் அசையாமல் நின்றால் நான் வாயை மூட வேண்டும்.

சங்குண்ணி மாமாவின் படம் எங்கள் கைக்கு வந்தது சுனாமியாகக் கடல் வருவதற்குச் சில வாரம் முன்பு. கதை எளியது. உருப்படாத இரண்டு மருமக்கள் கலியாணச் சமையல் தொழில் தொடங்குகிறார்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே முதல், கோயிலில் இரவல் வாங்கிய, சோறு சமைக்கும் மிகப் பெரிய கிடாரம். அதற்குக் காவல், தாய்மாமனான சங்குண்ணி. கள்ளர் கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் இரவில் கிடாரத்துக்குள்ளேயே படுத்துக் குறட்டை விடுவார். குறட்டை கிடாரத்துக்குள் முழங்கி, தெருவில் போகும் பொலிஸ்காரர் ஓடுவார். நான் தனியே பார்த்தபோதே மேசையில் அடித்துச் சிரித்தேன். முடிவில் ஆறு பெருகும். மாமா பக்கத்து வீட்டுக் கோழிகளைக் காப்பாற்றக் கிடாரத்தில் ஏறிப் போவார். கிடாரம் மட்டும் திரும்பி வரும். மருமக்கள் ஆற்றங்கரையில் மொட்டை அடித்துக் காகத்துக்குச் சோறு வைப்பார்கள். அப்போது எனக்கு அது ஒரு முடிவு மாத்திரமே.

பிறகு கடல் வந்தது.

கொட்டகைக்குள்ளும் தண்ணீர் வந்தது; ஆனால் படம் காட்டும் இயந்திரம் மேல்தட்டில் இருந்ததால் தப்பியது. தேற்றாத்தீவுப் பக்கத்துக் கரையோரச் சனம் பலர் ஒரு பாடசாலை முகாமில் தங்க வைக்கப்பட்டிருந்தார்கள். ஓரிரு வாரம் கழித்து மனேஜர், அங்கே ஒரு படம் போடுவோம் என்றார்.

"இந்த நேரத்திலயா ஐயா?"

"அழ வைக்கிறதுக்கு ஒவ்வொரு நாளும் ஆக்கள் வந்து போறாங்க. சிரிக்க வைக்க ஆரும் வரல்ல. இருக்கிறதுல நல்ல சிரிப்புப் படம் எது?"

நான் சங்குண்ணி மாமா என்றேன். முடிவில் வெள்ளம் இருப்பதையும் சொன்னேன். அவர், "வெள்ளம் வாற இடம் வந்தா நான் லைற் அடிக்கிறன். நீ நிப்பாட்டு" என்றார். ஏற்பாடு சரி என்று இருவரும் நினைத்தோம்.

பாடசாலை மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓடத் தொடங்கியது. பாய்களில் இருந்த சனம் படத்தைப் பார்த்தது, சிரிக்கவில்லை. டோர்ச் குறுக்கே வெட்டியது. சுருக்கினேன். மேலும் கீழும் ஆடியது. குரலைக் கூட்டினேன். ஒரு தோளும் ஆடவில்லை. மாமா கிடாரத்துக்குள் படுத்துக் குறட்டை விட்டபோதுதான் முன்வரிசையில் ஒரு பெண் பெரிய சத்தமாகச் சிரித்தார். அவர் பெயர் யோகம்மா. மகளோடு தப்பியவர். கணவர் மீன்பிடிகாரர், அன்று காலை தோணியை இழுத்துக் கட்டக் கரைக்குப் போனவர், உடலும் கிடைக்கவில்லை.

"எங்கட மனிசனும் இப்பிடித்தான்" என்று அவர் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார். "தோணிய ஆரும் கொண்டு போயிருவான் எண்டு அதுக்குள்ளதான் படுக்கிற. குறட்டையில மீன் எல்லாம் ஓடிரும்."

அதற்கு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு மண்டபம் மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கியது. பின்னாலிருந்து வட்டம் வட்டமாக வெளிச்சம் வந்தது.

ஆறு பெருகும் இடம் வந்தது. டோர்ச் வெளிச்சம் என் முகத்தில் அசையாமல் நின்றது. நான் உடனே நிறுத்தினேன். ஆனால் எங்கள் சட்டப்படி அந்தச் சைகை என் வாய்க்கு உரியது, இயந்திரத்துக்கு அல்ல. இயந்திரத்தை ஓட்டியவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருக்க, படம் தன் பாட்டில் ஓடியது. தண்ணீர், தண்ணீர், தண்ணீருக்கு நடுவே கிடாரம், அதில் கையசைக்கும் மாமா. பிறகு வெறுங்கிடாரம். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

மனேஜர் தன் இடத்தை விட்டு முன்னால் நடந்து வந்ததை நான் அன்றுதான் கண்டேன். குனிந்து என் காதருகே, "மாமா எங்க?" என்றார்.

"செத்துப் போறார் ஐயா."

"தண்ணியில போன ஆரும் என்ட படத்துல சாகப்படா. டுபாய்க்கு அனுப்பு."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் மைக்கைப் பிடித்தேன். "சங்குண்ணி மாமா டுபாய்க்குப் போய்விட்டார்."

"கிடாரத்திலயா?" என்று ஒரு மனிதர் கேட்டார்.

"பாதித் தூரம் கிடாரத்தில். மிச்சம் கப்பலில்."

திரையில் மருமக்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "தங்களையும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று அழுகிறார்கள்" என்றேன். மொட்டை அடித்தார்கள். "பயணம் சுகமாக அமைய நேர்த்தி." காகத்துக்குச் சோறு வைத்தார்கள். "அதுவும் நேர்த்திதான்."

அதே மனிதர் எழும்பி நின்றார். "நான் ரெண்டுதரம் கட்டார் போன ஆள். காகத்துக்குச் சோறு வைக்காமத்தான் போனன்."

"அதாலதான் ரெண்டுதரமும் உன்னத் திருப்பி அனுப்பினவன்" என்றார் யோகம்மா.

மண்டபம் அதிர்ந்தது. நான் விதிப்படி சிரிப்பு முடியும்வரை காத்திருந்தேன். அது முடிவதற்குள் படம் முடிந்துவிட்டது.

அதன்பின் அந்தப் படத்தை வாவியின் இரு கரையிலும் எத்தனையோ முறை போட்டோம். கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் மாமா டுபாய்க்குப் போனார். காணாமல் போன ஆட்டை, திருப்பிக் கொடுக்காத மண்வெட்டியை, வேலைக்கு வராத மேசனைப் பற்றிக் கேட்டால், "சங்குண்ணி மாமாவோட டுபாயில" என்பது ஊர்ப் பேச்சாகிவிட்டது.

யோகம்மா அக்கா பிற்பாடு எங்கள் கொட்டகை வாசலில் வறுத்த கச்சான் கடலை விற்க வந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. கணவரின் ஈமக்கடனான அந்தியேட்டியைச் செய்துவிடும்படி உறவினர்கள் வரும்போதெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: "என்னத்துக்கு? அவர் மாமாவோட டுபாயில இரிக்கார்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிக்கிறவரிடம் மேற்கொண்டு எதைக் கேட்பது? வந்தவர்களும் சிரித்துவிட்டுக் கச்சானோடு திரும்பினார்கள்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த காலத்தில் இரண்டாம் பாகம் எங்களிடம் வந்தது. வாசலில் பலகை வைத்த அன்றே ஊர் திரண்டு வந்து ஒரே கேள்வியைக் கேட்டது: மாமா டுபாயிலிருந்து வருகிறாரா?

அதே சமயம் யோகம்மா அக்காவின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. கரடியனாற்றில் இருந்த, அக்காவின் கணவரின் தமக்கை நேரில் வந்து, இனியும் இப்படி இருக்க முடியாது, கலியாணத்துக்கு முன்பு காரியத்தைச் செய்து முடி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவருக்குக் கொடுத்த பதிலை என்னிடமும் சொன்னார்: "படம் வரட்டும் மச்சாள், மாமா வந்தா கேட்டுச் சொல்லுறன் எண்டன்." வழக்கம்போலச் சிரித்தார். அதில் எவ்வளவு பகிடி, எவ்வளவு மெய் என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

நான் படத்தைத் தனியே பார்த்தேன். இவ்வளவு நல்ல படத்துக்கு இப்படி ஒரு பின்பாகம் எடுக்க எப்படி மனம் வந்ததோ. மருமக்கள் இருவரும் கொழுத்திருந்தார்கள். ஆனாலும் கல்லூரிப் பெண்களோடு ஆடினார்கள். இரவல் கிடாரத்தின் இடத்தில் பளபளக்கும் புதுக் கிடாரம். பொலிஸ்காரர் ஓடும் காட்சி மறுபடியும் வந்தது. இம்முறை கிடாரத்துக்குள் படுத்தது ஒரு நாய். எதற்கெடுத்தாலும் யாராவது சேற்றில் விழுந்தார்கள். சங்குண்ணி மாமாவோ ஒரு புகைப்படமாக மட்டும் இருந்தார்: கோட்டும் டையும் போட்டபடி, மாலையோடு, முன்னால் விளக்கோடு. படம் தொடங்குவதே அந்தப் புகைப்படத்தில்தான். இத்தனையும் போதாதென்று, படத்தின் பாதிக்கு மேல் டுபாயில் நடந்தது.

மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் டோர்ச்சைத் துடைத்தபடி கேட்டார். "டுபாயிலயா?"

"ஓம் ஐயா. அங்கதான் எல்லாம். மாமாவ மட்டும் காணல்ல."

"வந்திட்டார் எண்டு சொன்னா?"

"வந்தா யோகம்மா அக்காட மனிசனும் வரோணும்."

"செத்திட்டார் எண்டு சொன்னா?"

நான் வாசல் பக்கம், கச்சான் கடையைப் பார்த்தேன். அவர் டோர்ச்சை ஒருமுறை எரித்துப் பார்த்து அணைத்தார். "சரி. நான் பின்னால நிண்டு பார்த்துச் சொல்லுறன்" என்றார்.

பகல் காட்சி. கொட்டகையில் நிற்கவும் இடமில்லை. யோகம்மா அக்கா அன்று கச்சான் கடையை மூடிவிட்டு, நல்ல சேலை உடுத்து, பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தார். வெளிச்சம் அணைந்தது. திரை முழுவதும் சங்குண்ணி மாமாவின் முகம் வந்தது. கைதட்டலும் விசிலும் எழுந்தன. படக்கருவி மெல்லப் பின்வாங்கியது. சட்டம் தெரிந்தது. மாலை தெரிந்தது. விளக்குத் தெரிந்தது. கைதட்டல் வந்த வழியே திரும்பிப் போனது.

சைகைக்காக, மைக்கைப் பிடித்தபடி பின்னால் பார்த்தேன். டோர்ச் எரிந்துகொண்டிருந்தது, ஆனால் கூரையைப் பார்த்து. அப்படி ஒரு சைகை எங்கள் சட்டத்தில் இல்லை.

முன்வரிசையிலிருந்து யோகம்மா அக்காவின் குரல் கேட்டது.

"என்னகா தம்பி, வாயப் பொத்திக்கொண்டு இரிக்கிறீங்க? அது டுபாயில எடுத்த படம். கோட்டப் பாருங்க!"

பிறகு கொட்டகை வெடித்தது.

"ஓம் ஓம், கோட்டு டுபாய்க் கோட்டுத்தான்!"

"மாலையும் பிளாஸ்ரிக்தான்கா!"

"விளக்கு என்னத்துக்கு?"

"அங்கயும் கரண்ட் போகும்தானே!"

அதற்குப் பிறகு எனக்கு வேலை இருக்கவில்லை. விளக்கத்தைச் சனம் எடுத்துக்கொண்டது. திரையில் தொலைபேசி அடித்தால், "மாமாதான் எடுக்கிறார்!" கதாநாயகன் காதலியிடம் கொஞ்சினால், "மாமாட்ட விசா கேட்கிறான்!" நாய் கிடாரத்துக்குள் படுத்தபோது மட்டும் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். "இவன் என்ன, எங்கட படத்தத் திருப்பிப் போட்டு ஏய்க்கிறானா?" என்று ஒருவர் கேட்டார். படத்துக்காக ஒருவரும் சிரிக்கவில்லை. தங்களுக்காகவே சிரித்தார்கள். அப்படி ஒரு காட்சி எங்கள் கொட்டகையில் முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

கடைசியில் மருமக்கள் ஊருக்குத் திரும்பி அந்தப் புகைப்படத்தின் முன் விளக்கேற்றுகிறார்கள். மூத்தவன் ஒரு வசனம் சொல்கிறான். முழுப் படத்திலும் நல்ல வசனம் அது ஒன்றுதான். அந்த நேரம் கொட்டகை களைத்து அமைதியாகி இருந்தது. நான் மைக்கை எடுத்து, அன்றைய என் ஒரே சரியான விளக்கத்தைச் சொன்னேன்:

"மாமா, நீங்கள் இல்லாமல் ஒன்றும் சரிவரவில்லை."

ஒருவரும் எதிர்க்கதை சொல்லவில்லை. விளக்குகள் எரிந்தன.

சனம் கலைந்த பிறகு யோகம்மா அக்கா என் மேசைக்கு வந்தார்.

"படம் சரியில்ல தம்பி."

"ஓம் அக்கா. சரியில்ல."

"அந்த மனிசன் இல்லாம எடுத்திரிக்கப்படா."

"ஓம்."

"எடுத்திட்டானுகள். எடுத்தா இருந்து பார்க்கத்தானே வேணும்." சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி சொன்னார். "முகாமில மனேஜர் உங்கட காதுக்குள்ள சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது, தெரியுமா? பாவம், மெதுவாத்தான் சொன்னவர். மண்டபம் அவ்வளவு அமைதி."

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

மகளின் கலியாணத்துக்கு என்னையும் மனேஜரையும் வீட்டுக்கு வந்து அழைத்தார். நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. காரியம் கரடியனாற்றில் மச்சாள் வீட்டில் நடந்து முடிந்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

கலியாண வீட்டுக்கு நாங்கள் சற்று முன்னதாகவே போய்விட்டோம். முன்கூடத்தில் யோகம்மா அக்கா எங்களுக்கு முதுகு காட்டியபடி, சுவரில் இருந்த ஒரு புகைப்படத்துக்கு மாலை சரிசெய்துகொண்டிருந்தார். அவரது தோள்கள் ஆடின. மனேஜர் வாசலிலேயே நின்றுவிட்டார். முப்பது வருடம் தோள் பார்த்தே தொழில் செய்த மனிதர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"பின்னால நிண்டு சொல்லேலாமக் கிடக்கு தம்பி. முன்னுக்குப் போய்ப் பார்."

நான் முன்னால் போனேன். புகைப்படம் கணவருடையது. வீட்டில் இருந்ததெல்லாம் கடலோடு போயிருந்ததால், மச்சாளின் கலியாண அல்பத்தில் கூட்டத்தோடு நின்ற முகத்தை எடுத்து ஸ்டூடியோவில் பெரிதாக்கியிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் தன் வழக்கப்படி அந்த முகத்துக்குக் கீழே கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் ஒட்டியிருந்தார். இடுப்புச் சாரனைத் தவிர வேறு உடுப்பு அறியாத மீன்பிடிகாரர் ஒரு வங்கி முகாமையாளரைப் போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோகம்மா அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டுபாயில எடுத்தது தம்பி" என்றார். "கோட்டப் பாருங்க."

அக்காவின் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தேன். பிறகு வாசலில் நின்ற மனேஜரைத் திரும்பிப் பார்த்தேன். டோர்ச் என்னிடம் இல்லாததால் கையாலேயே ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன்.